கருப்பட்டிக் கதையை ஒலியெழுத்தில் இறக்கியது

'கல்', 'பகல்', 'தங்கம்', 'அக்கா' ஆகிய நான்கு சொற்களிலும் நாம் எழுதுவது ஒரே ககரம். வாய் அதை நான்கு விதமாகச் சொல்கிறது. முதல் சொல்லில் வல்லொலி. இரண்டாவதில் மூச்சு உரசி வெளியேறும் மெல்லிய ஒலி. மூன்றாவதில் குரல் சேர்ந்த ஒலி. நான்காவதில் தொண்டைப் பக்கம் வழியை அடைத்து, நிறுத்தி, பிறகு விடுகிறோம். எந்த இடத்தில் எது வரும் என்பது தமிழ் பேசுபவருக்குத் தானாகத் தெரியும் என்பதால் நம் எழுத்து முறை அதைச் சொல்லாமலே விட்டுவிட்டது. படிப்பவருக்கு அது வசதிதான். ஆனால் ஓர் ஊரின் பேச்சை, ஒரு குறிப்பிட்ட வாயிலிருந்து வந்தபடியே தாளில் இறக்க வேண்டும் என்றால் இந்த எழுத்து போதாது. ஐபிஏ எனப்படும் பன்னாட்டு ஒலியெழுத்து அதற்குத்தான் இருக்கிறது. அதை உருவாக்கிய சங்கம் 1886இல் பாரிசில் தொடங்கப்பட்டது.

திருநெல்வேலிப் பக்கத்தில் இருக்கும் என் அத்தை, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவதைப் பற்றிப் பேசியதைப் பதிவு செய்து, அதை ஒலியெழுத்தில் எழுதி வருகிறேன். அந்த வேலையில் எந்தெந்த மென்பொருள் எதற்கு உதவியது, எது உதவவில்லை, எங்கே கவனம் தேவை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கும், தங்கள் வீட்டுப் பெரியவர்களின் பேச்சைக் காப்பாற்றி வைக்க நினைப்பவர்களுக்கும் இது பயன்படக்கூடும்.

முதலில் ஒலிப்பதிவு. மென்பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பதிவில் இல்லாததை அதனால் காட்ட முடியாது. செல்பேசியில் உள்ள சில பதிவுச் செயலிகள் இடத்தை மிச்சப்படுத்த ஒலியை மிகவும் சுருக்கிவிடுகின்றன. ஒலியை நொடிக்கு 8000 முறை மட்டும் அளந்த, அதாவது 8000 மாதிரிகள் மட்டும் எடுத்த பதிவில் 4000 ஹெர்ட்சுக்கு மேல் எதுவுமே இருக்காது. சகரத்தின் உரசல் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட பதிவில் 'சுண்ணாம்பு' என்பதன் முதல் ஒலி உரசலா, அடைத்து விடும் ஒலியா என்று தீர்மானிக்க வழியில்லை. சட்டையில் குத்தும் சிறிய மைக், 44,100 மாதிரிகள், 16 பிட், வேவ் கோப்பு: இவ்வளவு போதும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். காதுக்குப் பழகிப்போன அதன் ஓசை, ஒலியின் அதிர்வெண்களை நேரப்போக்கில் காட்டும் அலைமாலைப் படத்தின் அடியில் ஒரு கருமையான பட்டையாக நின்றுவிடும். அத்தையிடம் எதற்காகப் பதிவு செய்கிறேன், யாரெல்லாம் கேட்பார்கள் என்று முன்பே சொல்லி, சரி என்று வாங்கிக்கொண்டேன். "கருப்பட்டியைப் பற்றித்தானே மருமகனே, கேள், சொல்கிறேன்" என்றார்கள்.

முக்கியமான கருவி பிராட். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் இருவரும் உருவாக்கிய, ஒலியைப் படமாகக் காட்டி அளக்க உதவும் இலவச மென்பொருள் அது. உலகம் முழுவதும் ஒலியியல் படிப்பவர்கள் கையில் இருப்பது அதுதான். திறந்தவுடன் இரண்டு சாளரங்கள் வரும். ஒன்று பொருள்களின் பட்டியல், மற்றொன்று படம் வரைவதற்கு. இரண்டாவதை உடனே மூடிவிடலாம். ஒலிக்கோப்பை ஏற்றியபின், அதற்கு இணையாக டெக்ஸ்ட்கிரிட் என்ற குறிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்க வேண்டும். அப்போது அடுக்குகளின், அதாவது படத்துக்குக் கீழே குறிப்பு எழுதும் வரிசைகளின், பெயர் என்ன என்று கேட்கும். அந்தப் பெட்டியில் ஏற்கனவே மேரி, ஜான், பெல் என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் புதியவர்கள் திகைத்துப்போவார்கள். அவை வெறும் உதாரணங்கள், அழித்துவிடலாம். நான் வைத்துக்கொண்டவை நான்கு அடுக்குகள்: தமிழ் எழுத்தில் வாக்கியம், சொல், ஒலி, சந்தேகம்.

சந்தேக அடுக்கை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் அதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. ஒலியெழுத்து என்பது கேட்டவர் எடுத்த தீர்மானங்களின் வரிசை. தயங்கித் தயங்கி எழுதிய குறியும் உறுதியாக எழுதிய குறியும் தாளில் ஒரே மாதிரி தோன்றும். தயக்கத்தை அந்தக் கணத்திலேயே எழுதி வைக்காவிட்டால் பிறகு அது எவருக்கும், எழுதியவருக்கே கூட, தெரியாமல் போய்விடும்.

ஓர் ஒலி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் எல்லைக்கோடு போடும் வேலை பழகிவிட்டால் விரைவாக நடக்கும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து டேப் விசையைத் தட்டினால் அது மட்டும் ஒலிக்கும். என்டர் தட்டினால் அந்த இடத்தில் கோடு விழும். வல்லின ஒலிகளுக்குக் கோடு போடுவது எளிது. 'கருப்பட்டி' என்ற சொல்லில் ப்ப, ட்ட இரண்டும் படத்தில் இரண்டு வெள்ளை இடைவெளிகளாகத் தெரியும். வாய் அடைத்திருக்கும் நேரம் அது. இடைவெளி முடியும் இடத்தில் ஒரு மெல்லிய செங்குத்துக் கீற்று இருக்கும். அதுதான் காற்று வெடித்து வெளிவரும் கணம். உயிரும் உயிரும் ஒட்டும் இடங்களும், ய, வ வரும் இடங்களும் அப்படி இல்லை. அங்கே எல்லை என்று ஒன்றே கிடையாது. எங்கோ ஓர் இடத்தில் போட வேண்டும், எங்கே போட்டாலும் ஒரே விதிப்படி போட வேண்டும். அந்த விதியைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பிராட் தானாக எதையும் சேமிக்காது. மின்சாரம் போனால் வேலையும் போனது. கை தன்னால் சேமிப்பு விசைக்குப் போகிற அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது குறிகளைத் தட்டச்சு செய்வது. பிராட்டுக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது: பின்சாய்கோட்டுக்கு (\) அடுத்து இரண்டு எழுத்துகளை அடித்தால் ஒலிக்குறி தோன்றும். விசைப்பலகை எதையும் நிறுவத் தேவையில்லை. ஆனால் கோப்பில் சேர்வது அந்தச் சாய்கோடும் எழுத்துகளும்தான். வேறு மென்பொருளில் திறந்தால் குறி தெரியாது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடாக மாற்றும் கட்டளை மெனுவில் இருக்கிறது. அதைச் செய்துவிட்டுச் சேமிக்க வேண்டும். எனக்குக் கீமேன் மென்பொருளில் கிடைக்கும் ஐபிஏ விசைப்பலகைதான் வசதியாக இருந்தது. அதில் அடித்தால் எல்லா மென்பொருள்களிலும் ஒரே யூனிகோட் எழுத்து விழுகிறது. கீமேனும் இலவசம்தான்.

எழுத்துருவில் கஞ்சத்தனம் கூடாது. தமிழுக்குத் தேவையான மூக்கொலிகளில் ங, ஞ, ண மூன்றுக்கும் ஐபிஏ குறி, ஆங்கில 'என்' எழுத்துக்கு வால் வைத்ததுதான். ஞகரத்துக்கு இடக்கால் இடப்பக்கம் வளையும். ஙகரத்துக்கு வலக்கால் இடப்பக்கம் வளையும். ணகரத்துக்கு வலக்கால் வலப்பக்கம் வளையும். நகரத்துக்கு வால் இல்லை, அடியில் பல்வரிசை போல ஒரு சிறு அடைப்பு. சாதாரண எழுத்துருவில், சிறிய அளவில், இந்த நான்கையும் பிரித்தறிவது கண்ணுக்குத் தண்டனை. எஸ்ஐஎல் நிறுவனம் இலவசமாகத் தரும் சாரிஸ் எழுத்துருவை நிறுவி, அளவைப் பெரிதாக வைத்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. எந்த ஒலிக்கு எந்தக் குறி என்ற அடிப்படைத் தேர்வுக்கு, எலினார் கீன் 2004இல் பன்னாட்டு ஒலியியல் சங்கத்தின் இதழில் எழுதிய தமிழ் ஒலி விளக்கத்தை வைத்துக்கொண்டேன். புதிதாகக் குறிகளைத் தேடி அலைவதைவிட, ஏற்கனவே பலர் படித்த ஒன்றைப் பின்பற்றி, விலகும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது.

இனி ழகரம். இந்த வேலையில் என் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது அதுதான். தெற்கே பல ஊர்களில் பேச்சில் ழகரம் ளகரமாக ஒலிப்பதும், சென்னைப் பக்கம் யகரமாவதும் தெரிந்த செய்தி. அத்தையின் பேச்சில் 'மழை', 'வழி', 'கிழவர்', 'பழம்' என்று ழகரச் சொற்கள் நிறைய வந்தன. மழைக்காலத்தில் பதநீர் இறங்காது என்பதை மட்டும் பல இடங்களில் சொல்கிறார்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்டது ழவா, ளவா?

காதால் மட்டும் கேட்டுத் தீர்மானிப்பதில் ஆபத்து இருக்கிறது. 'பழம்' என்ற சொல் என்று தெரிந்தவுடனேயே மனம் ழகரத்தைக் கேட்கத் தொடங்கிவிடும். எனவே ஒலியை மட்டும் முன்பின் உயிர்களோடு வெட்டி எடுத்து, சொல் எதுவென்று தெரியாத விதத்தில் வரிசையைக் கலைத்துக் கேட்டேன். அதன்பின் படத்தைப் பார்த்தேன். வாயின் வடிவத்தால் வலுப்பெறும் அதிர்வெண் பட்டைகளை ஃபார்மன்ட் என்பார்கள். கீழிருந்து மேலாக முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண்ணுவார்கள். பிராட்டில் அவற்றைச் சிவப்புப் புள்ளிகளாகக் காட்டச் சொல்லலாம். பெண் குரலுக்கு அவற்றைத் தேடும் உச்சவரம்பை 5500 ஹெர்ட்சிலும், ஆண் குரலுக்கு 5000இலும் வைப்பது வழக்கம். இதை மாற்றாமல் விட்டால் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறும். ழகரத்தில் மூன்றாவது ஃபார்மன்ட் நன்றாகக் கீழிறங்கி இரண்டாவதை நெருங்கும். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ளகரத்திலும் நாக்கு மடிவதால் மூன்றாவது ஃபார்மன்ட் ஓரளவு இறங்கத்தான் செய்யும்.

எனக்கு உதவியது ஒலி தொடங்கி முடியும் விளிம்புதான். ளகரத்தில் நாக்கு நுனி அண்ணத்தைத் தொடுகிறது, காற்று பக்கவாட்டில் போகிறது. தொடும் கணத்திலும் விடும் கணத்திலும் படத்தில் சட்டென்று ஒரு மாற்றம் தெரியும். நடுவில் படம் மங்கும், ஒலியின் வலிமை குறையும். ழகரத்தில் நாக்கு எங்கும் தொடுவதில்லை. அதனால் முன்னுள்ள உயிரிலிருந்து பின்னுள்ள உயிருக்குக் கோடுகள் அறுபடாமல் வளைந்து செல்லும். ஒரு 'பழம்' தெளிவான ள. சில நொடிகள் கழித்து வந்த 'பழம்' அறுபடாத வளைவு, ழ. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே மூச்சில் சொன்ன கதையில் வந்தவை. தொடர்ந்து பார்த்ததில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. அத்தை எனக்கு எதையாவது அழுத்தி விளக்கும்போது ழ வருகிறது. பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் நடந்த பழைய கதைகளில் அவர்கள் தங்களை மறந்து பேசும்போது ள வருகிறது. இந்த ஒரு பதிவை வைத்து ஊர்ப் பேச்சைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் 'இந்த ஊரில் ழகரம் இல்லை' என்று ஒரே வரியில் எழுதிவிடுவது எவ்வளவு தவறாக முடியும் என்பதை என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ழகரத்துக்கான ஐபிஏ குறி, ஆங்கில 'ஆர்' எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி வலப்பக்கம் வால் வைத்தது. வால் இல்லாத திருப்பிய ஆர் வேறு ஒலி, பல ஆங்கிலப் பேச்சுகளில் வருவது. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்களில் இவை இரண்டும் மாறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நகலெடுத்து ஒட்டும்போது வால் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் கொடுத்தால் ஒலிக்குறியைத் தரும் கருவிகளும் இருக்கின்றன. ஈஸ்பீக் என்ஜி தமிழ் தெரிந்த பேச்சுக்கருவி. வாசிப்பதற்குப் பதிலாக ஐபிஏ எழுதித் தரும்படியும் அதைக் கேட்கலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் மார்டென்சன் முதலானோர் உருவாக்கிய எபிட்ரான் என்ற, பைத்தான் கணினி மொழியில் எழுதிய நிரலிலும் தமிழ் உண்டு. அகராதிச் சொற்களுக்கு முதல் வரைவு தேவைப்பட்டால் இவை நன்றாகவே உழைக்கின்றன. என் வேலைக்கு இவை பொருந்தவில்லை. காரணம், இவை பார்ப்பது எழுத்தை. 'மரம்' என்று கொடுத்தால் கடைசியில் மகரத்தைத் தரும். அத்தை சொல்லும் மரத்தில் இதழ் மூடுவதே இல்லை. கடைசி உயிர் மூக்கு வழியாக ஒலித்து நின்றுவிடுகிறது. 'வந்திருக்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தால் கருவி அத்தனை அசைகளையும் தரும். அத்தையின் வாயில் அதில் பாதிதான் வருகிறது. பேச்சை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் நெருங்கி வரும். ஆனால் அப்படி எழுதும்போதே நான் காதால் தீர்மானித்துவிட்டேன். பிறகு கருவிக்கு என்ன வேலை?

ஒலியையே கேட்டு ஒலிக்குறி தரும் அல்லோசாரஸ் என்ற கருவியையும் ஓட்டிப் பார்த்தேன். உயிர்களில் அது ஓரளவு கைகொடுத்தது. ந, ன, ண மூன்றையும் என் பதிவில் நம்பும்படி பிரித்துத் தரவில்லை. தமிழ்ப் பேச்சுக்கு அந்த மூன்றும் பிரிந்தால்தானே பயன்?

குற்றியலுகரம் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி தந்தது. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு, குற்றியலுகரம் அரை என்று தொல்காப்பியம் கணக்கு வைத்திருப்பதைப் பள்ளியிலேயே படிக்கிறோம். பிராட்டில் ஓர் உயிரைத் தேர்ந்தெடுத்தால் அதன் நீளம் நொடிக்கணக்கில் மேலேயே தெரிகிறது. 'பாட்டு', 'நாடு', 'சோறு' போன்றவற்றின் கடைசி உகரத்தையும் 'பசு', 'நடு' போன்றவற்றின் உகரத்தையும் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இங்கே ஒரு நிபந்தனை முக்கியம்: பேச்சை நிறுத்தும் இடத்தில் எந்த உயிரும் நீண்டுவிடும். அதனால் வாக்கியத்தின் நடுவில் வருபவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும். நீளத்தைவிட இதழின் நிலை இன்னும் தெளிவாகப் பேசியது. இதழ் குவிந்தால் இரண்டாவது ஃபார்மன்ட் தாழும். 'பசு'வில் தாழ்ந்திருந்தது, 'பாட்டு'வில் உயர்ந்திருந்தது. அதாவது 'பாட்டு'வின் கடைசியில் அத்தையின் இதழ் குவியவில்லை. ஐபிஏவில் இவை இரண்டும் வெவ்வேறு குறிகள், நம் எழுத்தில் ஒரே உகரம். இதழ் குவியாமல் குறுகி ஒலிக்கும் உகரத்தை நம் இலக்கணிகள் தனியே பெயரிட்டுப் பிரித்து வைத்ததன் நியாயம் திரையில் தெரிந்தபோது உள்ளம் நிறைந்தது.

இனி கோப்புகளின் நலம். கவர்ச்சியில்லாத பகுதி, ஆனால் பல மாத உழைப்பைக் காப்பதும் கெடுப்பதும் இதுதான். எழுத்துகளைக் கோப்பில் பதிக்கும் முறைகள் பல: ஆஸ்கி, யுடிஎஃப்-8, யுடிஎஃப்-16. பிராட்டின் இயல்பான அமைப்பில், கோப்பில் ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தால் ஆஸ்கியாகவும், மற்ற எழுத்து ஒன்று வந்தாலும் யுடிஎஃப்-16ஆகவும் சேமிக்கும். நேற்று வரை ஒரு விதமாக இருந்த கோப்பு, ஒரே ஒரு ஒலிக்குறி சேர்ந்தவுடன் வேறு விதமாகிவிடும். மற்றக் கருவிகள் பல எதிர்பார்ப்பது யுடிஎஃப்-8. அமைப்புகளில் எழுதும் முறையை யுடிஎஃப்-8 என்று முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.

ஒரே மாதிரி தெரிந்து வேறாக இருக்கும் எழுத்துகள் இன்னொரு தலைவலி. நெட்டுயிரைக் காட்டும் ஐபிஏ குறி, ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு சிறு முக்கோணங்கள். பலர் அதற்குப் பதில் முக்காற்புள்ளியை அடிக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். தமிழில் 'கல்'லும் 'கால்'லும் நீளத்தால்தானே வேறுபடுகின்றன? தேடும்போது பாதி 'கால்'கள் அகப்படாமல் போகும். குரல் சேர்ந்த ககரத்துக்கு ஐபிஏவின் 'ஜி' தனி எழுத்து, விசைப்பலகையில் உள்ள 'ஜி' வேறு. தமிழ் எழுத்து அடுக்கிலும் இந்தச் சிக்கல் உண்டு. வாக்கியங்களைத் தட்டச்சு செய்ய உறவினர்கள் உதவினார்கள், ஆளுக்கொரு விசைப்பலகை. சிலரிடம் 'கொ'வின் உயிர்க்குறி ஒற்றை எழுத்தாக வந்தது. சிலரிடம் ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு எழுத்துகளாக வந்தது. ஒரே எழுத்தின் வெவ்வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். ஆனால் 'ஔ'வுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது. அதைத் தேடிப்பிடித்துத்தான் மாற்ற வேண்டும்.

இதற்கு நான் வைத்திருப்பது பைத்தானில் சில வரிகள். எல்லா டெக்ஸ்ட்கிரிட் கோப்புகளையும் படித்து, அவற்றில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் அதன் யூனிகோட் பெயரோடு, எத்தனை முறை வந்தது என்ற கணக்கோடு பட்டியலிடும். அபூர்வமாக வந்த எழுத்துகள் பட்டியலின் அடியில் நிற்கும். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வாரக் கடைசியில் இதை ஓட்டாமல் நான் கணினியை மூடுவதில்லை.

நீண்ட உரையாடலுக்குப் பிராட்டைவிட ஈலான் சௌகரியமானது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனம் உருவாக்கியது, இதுவும் இலவசம். அத்தையும் பக்கத்து வீட்டு அம்மாவும் மாறி மாறிப் பேசும் பகுதியை அதில்தான் பிரித்தேன். ஆளுக்கொரு அடுக்கு, ஒருவர் பேச்சின் மேல் மற்றவர் பேச்சு ஏறினாலும் குழப்பமில்லை. வாக்கிய அளவிலான வேலையை ஈலானில் முடித்து, டெக்ஸ்ட்கிரிட்டாக ஏற்றுமதி செய்து, ஒலி அளவிலான வேலையைப் பிராட்டில் செய்கிறேன்.

சொற்பட்டியலும் உச்சரிப்பு அகராதியும் இருந்தால், மான்ட்ரியல் ஃபோர்ஸ்டு அலைனர் என்ற கருவி ஒலி எல்லைகளைத் தானே போட்டுத் தரும். ஒரு சொல்லுக்கு இரண்டு உச்சரிப்புகளை அகராதியில் எழுதி வைக்கலாம். 'பழம்' என்பதை ழவோடும் ளவோடும் கொடுத்தால், ஒவ்வொரு இடத்திலும் எது பொருந்துகிறது என்று அது தேர்ந்தெடுக்கும். ஆசையைத் தூண்டும் வசதிதான். ஆனால் என்னிடம் இருப்பது ஒருவருடைய குறைந்த அளவுப் பேச்சு. அதை வைத்து அது செய்யும் தேர்வை நான் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லைகளையும் அது 10 மில்லிநொடிப் படிகளில்தான் வைக்கும். உகரத்தின் நீளத்தை அளப்பவருக்கு அது பெரிய படி. கோடுகளை முதலில் ஏறக்குறைய போட்டுவைக்க அதைப் பயன்படுத்தி, பிறகு ஒவ்வொன்றையும் கையால் நகர்த்துகிறேன். அப்படியும் நேரம் மிச்சம்தான்.

இப்போது சரிபார்ப்பு நடக்கிறது. முன்பு எழுதிய பகுதியின் ஒலி அடுக்கை மறைத்துவிட்டு, புதிதாகக் கேட்டு மறுபடி எழுதி, இரண்டையும் ஒப்பிடுகிறேன். மூக்குயிர்களிலும் வல்லினங்களிலும் இரண்டும் நன்றாக ஒத்துப்போகின்றன. வேறுபடுபவை பெரும்பாலும் இகரத்துக்குப் பின் வரும் ழ, ள. 'கிழவர்', 'கிழக்கு' போன்றவை. அங்கே விளிம்பும் தெளிவாக இல்லை, காதும் உறுதி சொல்லவில்லை. அவை எல்லாம் சந்தேக அடுக்கில் இருக்கின்றன. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தச் சொற்கள் தானாக வரும்படி அத்தையிடம் பேச்சுக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பனைமரங்கள் ஊரின் கிழக்கேதான் இருக்கின்றன என்பதால் பேச்சு அந்தப் பக்கம் போவதில் சிரமம் இருக்காது.